சீனக் கவிதைப் பட்டிமன்றமும் ஒரு நீலப் புள்ளியும்

மாலை ஐந்து நாற்பத்திரண்டுக்கு என் மகள் துபாய் கிரீக்கின் நடுவில், தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தாள். என் போன் அப்படித்தான் காட்டியது. வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. அதற்கு ஒரு பக்கம் தேரா, மறுபக்கம் பர்துபாய். சுற்றிலும் கடல்கழியின் தண்ணீர். புள்ளி நகரவில்லை. கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாள் என்று ஒரு பெண் குரல் அரபியில் சொன்னது, பிறகு ஆங்கிலத்தில் சொன்னது. இரண்டு மொழியிலும் அந்தக் குரலுக்கு எந்தக் கவலையும் இல்லை.

அந்த நேரத்தில் நான் கராமாவில், ஒரு உணவகத்தின் மாடியில் இருக்கிற பார்ட்டி ஹாலில், மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையில் மைக். எதிரே ஹால் நிறையத் தமிழர்கள். கீழேயிருந்து சாம்பார் வாசனை மேலே வர ஆரம்பித்திருந்தது. என் நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்க வேண்டிய விருந்தினரும் அந்த நீலப் புள்ளியோடுதான் இருந்தார்.

நிகழ்ச்சி நடத்தும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கைகளே, ஹால் பிடிப்பது, அனுமதி வாங்குவது, ஒலி ஒளி ஏற்பாடு இதெல்லாம் ஆபீஸில் சொல்லித் தருவார்கள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எல்லா ஏற்பாடும் சரியாக இருந்து, மனிதர்கள் மட்டும் வராமல் போகும்போது என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் என்ன செய்யக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். போன குளிர்காலத்தில், நான் வேலையை விடுவதற்கு முன் நடத்திய கடைசி நிகழ்ச்சியில், அதை முழுவதுமாகச் செய்து பார்த்துவிட்டேன். இப்போது மனைவியின் விசாவில், வீட்டில் தோசைமாவு அரைத்துக்கொண்டிருக்கிறேன். கை இன்னும் லேசாக நடுங்குகிறது. மாவுக்கு அது நல்லது என்கிறாள் மனைவி.

விஷயம் இதுதான். சீனாவில் தமிழ் படித்து, நம் ஊரில் சில வருடம் தங்கி, சீனக் கவிதைகளைத் தமிழில் மொழிபெயர்த்த ஒரு அம்மையார் துபாய் வழியாகப் போகிறார். புத்தகத்தில் பாதி மிகப் பழைய கவிதைகள், பாதி இந்தக் காலத்துக் கவிதைகள். இங்கே இருக்கிற ஒரு தமிழ் அமைப்பு அதற்கு அறிமுக விழா எடுக்க விரும்பியது. அதன் செயலாளர் பாஸ்கரன் அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர், நிகழ்ச்சி நிரலைப் பார்த்ததும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கவிதை வாசிப்புன்னு போட்டா நீரும் நானும் சீனாக்காரம்மாவுந்தான் உக்காந்திருக்கணும். பட்டிமன்றம்னு போடும். கீழ சாப்பாடுன்னு போடும். அப்புறம் பாரும்."

"சீனக் கவிதைக்குப் பட்டிமன்றமா அண்ணாச்சி?"

"சீனாக்காரன் என்ன, ஜப்பான்காரன் என்ன? ரெண்டா பிரிச்சு விட்டா தமிழன் உசுரக் குடுத்துப் பேசுவாம்வே."

ஆக, தலைப்பு: 'நெஞ்சை அள்ளுவது பழைய சீனக் கவிதையா, புதிய சீனக் கவிதையா?' நடுவர், அந்த அம்மையார். பழைய கவிதை அணிக்கு மகாலிங்கம் சார். கப்பல் உதிரிபாகக் கம்பெனியில் கணக்குத் தலைவர். மேடையில் வீட்டுத் தமிழ் பேசவே மாட்டார். புதிய கவிதை அணிக்கு ரேவதி. கோயம்புத்தூர்ப் பெண், வாடிக்கையாளர் சேவையில் வேலை. இருவருமே போன வாரம் வரை ஒரு சீனக் கவிதையும் படித்ததில்லை. அது ஒரு பொருட்டே இல்லை. பட்டிமன்றத்தில் ஒரு பக்கம் நின்றுவிட்டால் அந்தப் பக்கத்துக்காக ஜென்மம் ஜென்மமாகப் பாடுபட்டவர் போலப் பேச வேண்டும், அவ்வளவுதான். எந்தச் சண்டையும் இல்லாமல் ஒரே புத்தகத்தில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்த கவிதைகளைத் தட்டி எழுப்பி மோத விட்டோம்.

என் மகள் யாழினிக்கு அன்று இரண்டு பொறுப்பு. அவள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் சின்ன வயதிலிருந்து சீன மொழி படிக்கிறாள். தேராவில் ஹோட்டலில் இருக்கும் அம்மையாரை மெட்ரோவில் கூட்டி வர வேண்டும். கார் வேண்டாம், மக்களோடு பயணம் செய்கிறேன் என்று அம்மையார் சொல்லிவிட்டார். அவரிடம் இந்த ஊர் சிம்மும் இல்லை. அதன்பின் மேடையில் இரண்டு கவிதைகளின் சீன மூலத்தை வாசிக்க வேண்டும். பெரியவர் துணையில்லாமல் அவள் மெட்ரோவில் ஏறுவது அதுதான் முதல் முறை. ஒரு வாரம் வீட்டில் பேச்சுவார்த்தை நடந்தது. இருக்கும் இடம் என் போனில் தெரிய வேண்டும், ஏறினால் கூப்பிட வேண்டும், இறங்கினால் கூப்பிட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு சம்மதித்தேன். நிபந்தனைகளை அவள் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். இடையிடையே நானும் கூப்பிட்டேன். எத்தனை முறை என்று பிறகு போன் சொன்னது. அதை இங்கே எழுத மாட்டேன்.

புள்ளி தண்ணீரில் நின்றதும் முதலில் என்னை நானே தேற்றிக்கொண்டேன். மெட்ரோ கிரீக்குக்கு அடியில் சுரங்கத்தில்தான் போகிறது. சிக்னல் போயிருக்கும். கொஞ்ச நேரம் பொறுத்தேன். புள்ளி அங்கேயே நின்றது. ரயில் சுரங்கத்துக்குள் நின்றுவிட்டதோ? எங்கள் டிரைவர் குல்பாயை ஸ்டேஷனுக்கு ஓட விட்டேன். அவர் போன் செய்தார்.

"மெட்ரோ பராபர் சல் ரஹா ஹை, பாய். மாஃபி ப்ராப்ளம். ஆப்கி பேட்டி இதர் நஹீ ஹை."

ரயில் ஒழுங்காக ஓடுகிறது. மகள் மட்டும் ஸ்டேஷனில் இல்லை.

அண்ணாச்சியிடம் போய், "நான் கிளம்புறேன், பொண்ணைக் காணோம்" என்றேன்.

"எங்கவே காணோம்?"

போனைக் காட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"தண்ணிக்குள்ளேல்லா காட்டுது."

"அதைத்தான் சொல்றேன்."

"வே, பொண்ணுக்குப் பதினாறு வயசு. கூட வாறது அறுபது வயசு பொம்பள. ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள என்ன செய்வா? போன் பொய் சொல்லுது. நீரு தொடங்கும், அவா வந்துருவா. தொடங்கலேன்னா இந்தக் கூட்டம் கீழ எறங்கிரும். எலைக்கு முன்னால உக்காந்துட்டான்னா அப்புறம் எந்தக் கவிதையும் மேல ஏறாது."

நான் இந்தத் தொழிலில் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு மலையாளி மேனேஜர் இருந்தார். அவர் அடிக்கடி சொல்வார்: "மோனே, எது நடந்தாலும் மைக்கைக் கீழே வைக்காதே. மைக் கையில் இருக்கிறவரை நீ ராஜா. வைத்துவிட்டால் உன்னிடம் எல்லாரும் தண்ணீர் பாட்டில் கேட்பார்கள்." அத்தனை வருடமும் அதைக் காப்பாற்றியிருந்தேன். அன்றும் மைக்கை வைக்கவில்லை. நடுவர் நாற்காலி காலியாக இருக்க, பட்டிமன்றத்தைத் தொடங்கி வைத்தேன்.

நீங்கள் பல நிகழ்ச்சிகள் நடத்துவீர்கள். மேடையைப் பார்க்காதீர்கள், கூட்டத்தைப் பாருங்கள். அன்று நான் இரண்டையும் பார்க்கவில்லை, புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் காதில் விழுந்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. அதைச் சொல்கிறேன்.

மகாலிங்கம் சார் புத்தகத்தை விரித்து ஒரு பழைய கவிதையை வாசித்தார்:

எதிர்க்கரையில் ஒரு விளக்கு.
இக்கரையில் ஒரு படகு.
இருவருக்கும் நடுவே
இரவெல்லாம் மழை.

வாசித்து முடிப்பதற்குள்ளேயே முன்வரிசையில் "ஆஹா" வந்துவிட்டது. ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது என்று சொல்லியிருந்தார். அந்த வருடக் கணக்குக்கு விழுந்த ஆஹா அது.

"கவனியுங்கள்!" என்றார் மகாலிங்கம் சார். "விளக்கு ஒன்று, படகு ஒன்று. இவை இரண்டும் பொருட்கள். ஆனால் 'இருவருக்கும்' என்கிறார்! யார் அந்த இருவர்? சொன்னாரா? சொல்லவில்லை! சொல்லாமல் விட்டதில் அல்லவா ஐயா இருக்கிறது கவிதை!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. முருகேசன். சிவகங்கைப் பக்கம், ஏசி மெயின்டனன்ஸ் வேலை, தொழிலாளர் கேம்பிலிருந்து நண்பர்களோடு சாப்பாட்டுக்காக வந்தவர்.

"சார், அது அவரு வீட்டம்மா சார். வீடியோ கால்ல இருக்காங்க. வெளக்குன்னா போன் வெளிச்சம். மழையில நெட்வொர்க்கு போயிருச்சு."

ஹாலே சிரித்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு நின்றது. யாரோ ஒருவர், "லீவு கெடைக்கல போல" என்றார். இன்னொருவர் மெதுவாக, "படகு இருக்குல்ல, ஏறிப் போயிர வேண்டியதுதான?" என்றார். "போனா வேல போயிரும்ல?" என்றார் முருகேசன். அந்த நாலு வரிக்குள் எல்லாரும் குடியேறிவிட்டார்கள். குவைத்தில் மங்காஃபில் இருக்கிற அண்ணன், கத்தாரில் ராஸ் லஃபானில் இருக்கிற மச்சான், எல்லாரையும் அந்தப் படகில் ஏற்றினார்கள். படகு தாங்கியது.

அடுத்து ரேவதி எழுந்து ஒரு புதிய கவிதையை வாசித்தார்:

பதினேழாம் மாடியில் மின்தூக்கி நின்றது.
யாரும் ஏறவில்லை. யாரும் இறங்கவில்லை.
கதவு மூடும் முன்
நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆஹாவுக்கான இடத்தில் ஒரு இருமல் வந்தது.

"மின்தூக்கின்னா?" என்று கேட்டார் ஒருவர்.

"லிஃப்டுங்க."

"லிஃப்டுன்னே எழுதலாம்ல?"

"சரிங்க, லிஃப்டு. இப்பக் கவிதையப் பாருங்க."

"பாத்தோம். அதுக்கு என்ன இப்ப?"

முருகேசன் உதவிக்கு வந்தார். "லிஃப்டு சும்மா நின்னா சென்சார் கம்ப்ளைன்ட் தங்கச்சி. மன்னிப்புக் கேட்டா சரியாவாது. மெயின்டனன்ஸுக்குப் போன் போடணும்."

மகாலிங்கம் சார் கிடைத்த வாய்ப்பை விடவில்லை. "இது கவிதை என்றால் எங்கள் கட்டட வாட்ச்மேன் நாள்தோறும் ஒரு காவியம் எழுதுகிறார்!"

ரேவதிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க சார், உங்க படகுக்காரரு ஆயிரம் வருசமா மழையிலயே உக்காந்திருக்காரு, அவரை யாரும் ஒரு கேள்வி கேக்கல. இவரு லிஃப்டுல ஒரு சாரி சொன்னா மட்டும் எல்லாருக்கும் கோவம் வருது. நான் காலையில போய் உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் அதைத்தானுங்க சொல்றேன். 'சிரமத்துக்கு வருந்துகிறோம், சிரமத்துக்கு வருந்துகிறோம்'னு. யாருகிட்ட, எதுக்குன்னு எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் தெறந்தாக் கூட சாரி சொல்றேன்."

இதற்கு இரண்டாம் வரிசையில் சில பெண்கள் கைதட்டினார்கள். மற்றவர்கள் சந்தேகமாகவே பார்த்தார்கள்.

எனக்குப் புரிந்தது இதுதான். பழைய கவிதை விளங்காவிட்டால் நம் ஆட்கள் தங்களைத் திட்டிக்கொள்கிறார்கள். புதிய கவிதை விளங்காவிட்டால் கவிஞரைத் திட்டுகிறார்கள். பழையதிடம் கோயிலுக்குப் போவது போலச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறார்கள். புதியதிடம் காய்கறிக் கடைக்குப் போவது போல, அழுத்திப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். இரண்டிலும் சொல்லாமல் விட்ட இடம் இருக்கிறது. ஒன்றில் அது ஆழம், இன்னொன்றில் அது குறை. இந்த ஞானம் எனக்கு வந்த நேரத்தில் போன் அடித்தது. யாழினி இல்லை. என் மனைவி, ஆஸ்பத்திரி டியூட்டியிலிருந்து.

"யாழு வந்துட்டாளா?"

"வந்துக்கிட்டே இருக்கா."

"எங்க வந்துக்கிட்டு இருக்கா?"

"தண்ணி..." என்று ஆரம்பித்து, "தண்ணி குடிச்சிட்டுக் கூப்பிடுறேன், வை" என்று வைத்தேன். பொய் சொல்ல வேண்டியிருந்தால் முதல் வார்த்தையை முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குள் மேடையில் விவாதம் முற்றிவிட்டது. "மூலத்தின் ஓசையைக் கேட்காமல் எப்படி ஐயா தீர்ப்பு?" என்றார் மகாலிங்கம் சார். "சீனத்தில் வாசிக்கட்டும், கேட்போம்!" கூட்டமும் பிடித்துக்கொண்டது. "சீனத்துல! சீனத்துல!" அண்ணாச்சி மைக் இல்லாமலேயே எழுந்து, "மூலக் கவிதைகள் இப்போது வாசிக்கப்படும்" என்று அறிவித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஹாலே என்னைப் பார்த்தது.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மகளைக் காணோம் என்று சொன்னால் கூட்டம் கலைந்து ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்கும். அதைக் கேட்டு முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். சொல்லாமல் ஓடினால் நிகழ்ச்சி பாதியில் நிற்கும். இரண்டு கவிதை, கொஞ்ச நேரம். முடித்துவிட்டு நேராகக் கிரீக்குக்கு ஓடுவது என்று முடிவெடுத்தேன்.

எனக்குச் சீனம் தெரியாது. ஆனால் ஒரு கவிதை தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தேன். ஒரு மாதமாக யாழினி தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "என்னம்மா பண்றே?" என்றால், "ப்ராக்டிஸ்" என்பாள். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். ஏற்றமும் இறக்கமுமாக அவ்வளவு அழகாக இருக்கும். விழாவில் வாசிக்கப் போகிற பழைய கவிதையைத்தான் அவள் மனப்பாடம் செய்கிறாள் என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. நாலு வரிக் கவிதைக்கு அது கொஞ்சம் நீளமாக இருக்கிறதே என்று அன்று வரை எனக்குத் தோன்றவில்லை. மகளைப் பற்றிப் பெருமைப்படுகிற தகப்பன் வரியை எண்ணமாட்டான்.

மேடை ஏறினேன். "முதலில் பழங்கவிதை" என்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் கிரீக் தெரிந்தது. குரல் நடுங்கியது. நம் ஊர்க் கவியரங்கப் பழக்கத்தில் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லும்போது நானாகவே கொஞ்சம் இழுத்தேன்.

முடித்ததும் ஹாலில் கைதட்டல். மகாலிங்கம் சார் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். "பொருள் புரியவில்லை ஐயா, ஆனால் உள்ளே ஏதோ செய்கிறது" என்றார்.

"அப்படியே மழச் சத்தம் சார்" என்றார் முருகேசன். "அந்த 'இரவெல்லாம்'ங்குற எடத்துல எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு."

அந்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. இறங்கப் பார்த்தேன்.

"புதுக் கவிதை!" என்றார் ரேவதி. "அதையும் வாசிங்க. இல்லாட்டி எப்படிங்க ஞாயம்?"

என்னிடம் இருந்ததோ ஒன்றே ஒன்று. அந்த நொடியில் நான் எடுத்த முடிவை நீங்கள் யாரும் எடுக்காதீர்கள். அதையே திரும்பச் சொன்னேன். இந்த முறை இழுக்கவில்லை, வரிகளை இரட்டிக்கவில்லை. ஒரு கையில் மைக்கும் மறு கையில் போனுமாக, போனைப் பார்த்தபடி, தட்டையான குரலில், கடகடவென்று சொல்லி முடித்தேன். போனைப் பார்த்தது புள்ளிக்காக. கூட்டமோ அதைப் புதுக்கவிஞரின் பாணி என்று எடுத்துக்கொண்டது.

"அவ்வளவுதானா?" என்றார் ஒருவர்.

மகாலிங்கம் சார் வெற்றியோடு எழுந்தார். "கேட்டீர்களா? ஓசை எங்கே? உயிர் எங்கே? முன்னது நதி, இது குழாய்த் தண்ணீர்!"

"எனக்குச் சிலிர்த்துருச்சுங்க சார்!" ரேவதி கையை நீட்டிக் காட்டினார். "எவ்வளவு தனிமை! பெரிய நகரத்துல யாரையும் நிமிந்து பாக்காம பேசற மாதிரியே இருந்துச்சு."

"நடுவுல ஒரு எடத்துல லிஃப்டு கதவு மூடுச்சு" என்றார் முருகேசன். "அது நல்லாருந்துச்சு."

ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பாதிப்பேர் "பழசு! பழசு!" என்றார்கள், மீதிப்பேர் "புதுசு! புதுசு!" என்றார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து, காலி நாற்காலியைப் பார்த்து, "தீர்ப்பு! தீர்ப்பு!" என்றார்கள். அப்போது வாசலில் யாரோ தனியாகக் கைதட்டுகிற சத்தம் கேட்டது.

பருத்திப் புடவையில், கரை முழங்கால் வரை நனைந்து, குட்டையாக ஒரு சீன அம்மையார். அவருக்குப் பின்னால், முகத்தைப் புத்தகத்தால் பாதி மறைத்துக்கொண்டு, யாழினி.

மைக்கைக் கீழே போட்டேன். வாழ்க்கையில் முதல் முறை. அது விழுந்து ஸ்பீக்கர்களில் ஒரு ஓலம் எழுந்தது. மேனேஜர் சொன்னது சரிதான், அதன்பின் நான் ராஜா இல்லை. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி, அவள் தோளைப் பிடித்தேன். நனைந்திருந்தாள், ஆனால் முழுசாக இருந்தாள்.

"எங்கடி போனே?"

"அப்ராப்பா."

அப்ரா என்பது கிரீக்கைக் கடக்கிற படகு. மரப் படகு, பக்கத்தில் தடுப்பே இருக்காது. பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும்.

"போட்ல போனியா? யாரைக் கேட்டு?"

"ஆன்ட்டிக்கு அந்த போட் எப்படி ஆடும்னு பாக்கணுமாம். போய்ட்டு வந்தோம். அப்புறம் மறுபடி போகணும்னாங்க. அப்புறம் மறுபடி. நடுவுல போன் டெட் ஆயிடுச்சு. ஐ ஆம் சோ சாரி." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அப்பா, நாங்க அப்பவே வந்துட்டோம். வெளியவே நின்னோம். நீங்க சொன்னது போயம் இல்ல. என்னோட ஓரல் எக்ஸாம். ரெண்டு தடவையும்."

போன் பொய் சொல்லவில்லை. அவள் தண்ணீர் நடுவில்தான் இருந்திருக்கிறாள். பொய் சொன்னது நான் ஒருவன்தான்.

அதற்குள் அம்மையார் மேடைக்குப் போய், விழுந்து கிடந்த மைக்கை எடுத்திருந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வரவேற்பதற்காக என்று கூட்டம் நினைத்திருக்கும். அவருக்குப் புரிந்தது, ஆனால் விடவில்லை.

"அன்பர்களே, தாமதத்துக்குப் பொறுத்தருளுங்கள். பிழை என்னுடையது" என்றார். நம்மில் யாரும் பேசாத தமிழ். "படகுக் கவிதையை நான் பதினான்காம் மாடியில் அமர்ந்து மொழிபெயர்த்தேன். இன்று படகில் அமர்ந்தேன். எதிர்க்கரை விளக்கை நோக்கிச் சென்றேன். சென்றடைந்ததும், புறப்பட்ட கரையின் விளக்கு எதிர்க்கரை விளக்கு ஆகிவிட்டது. ஆகவே திரும்பவும் சென்றேன். இவ்வாறு பலமுறை. இந்தப் பெண் என்னைத் தடுத்தாள். நான்தான் கேட்கவில்லை."

"தீர்ப்பு சொல்லுங்கம்மா!" என்றார் முருகேசன்.

"சொல்கிறேன். முதலில் ஒன்று. பழையது என்று வாசிக்கப்பட்டதும் புதியது என்று வாசிக்கப்பட்டதும் ஒன்றே."

மகாலிங்கம் சார் எழுந்தார். கைக்குட்டை கையிலேயே இருந்தது. முதல் முறையாக மேடைத் தமிழ் அவரைக் கைவிட்டது. "ஒண்ணேவா? அப்ப நான் அழுதது?"

"அழுகை மெய்யானது, ஐயா. கவிதைதான் இல்லை. அது பள்ளி மாணவி ஒருத்தி வாய்மொழித் தேர்வுக்காக எழுதிய பகுதி. தலைப்பு, 'என் தந்தை'. பொருள் சொல்கிறேன்."

அவர் கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை, போனைப் பார்க்கவும் இல்லை. எங்களைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்.

"என் தந்தை உயரமானவர். கண்ணாடி அணிவார். அவர் நாள்தோறும் எனக்குப் பலமுறை தொலைபேசியில் அழைப்பார். சாப்பிட்டாயா என்று கேட்பார். பேருந்தில் ஏறினாயா என்று கேட்பார். ஏறிய பிறகு, ஏறிவிட்டாயா என்று கேட்பார். அவர் அழைத்து அழைத்தே என் தொலைபேசியின் மின்கலம் தீர்ந்துவிடும். பிறகு, ஏன் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்வார்."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்தேன். சிலர் சிரித்தார்கள். ஆனால் பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போவதைப் பார்த்தேன். முருகேசன் போகவில்லை. "எம் பொண்ணு எட்டாவது" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "நான் கூப்புட்டா அவ அம்மாட்டக் குடுத்துருவா."

அண்ணாச்சிதான் காரியத்தில் கண்ணாக இருந்தார். "அதெல்லாம் சரிம்மா. தீர்ப்பு என்ன? பழசா, புதுசா? கீழ எலை போட்டாச்சு."

"தீர்ப்புச் சொல்ல இயலாது. பகுதி முடியவில்லை. இறுதி வரியை ஐயா விட்டுவிட்டார்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு அது தெரியாதும்மா" என்றேன். "தினமும் அந்த இடத்துக்கு வரும்போதுதான் நான் கதவைத் தட்டி, பால் வேணுமான்னு கேப்பேன்."

அம்மையார் மைக்கை யாழினி பக்கம் நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு நனைந்த செருப்பு சத்தம் போட மேடைக்குப் போனாள். மைக்கை வாங்கி, தரையைப் பார்த்துக்கொண்டு, சீனத்தில் ஒரே ஒரு வரி சொன்னாள். இழுக்கவில்லை, தட்டையாகவும் சொல்லவில்லை.

அம்மையார் தமிழில் சொன்னார். "அவர் அழைக்காத நாளில், நானே அவரை அழைப்பேன்."

யாரும் ஆஹா சொல்லவில்லை. அதுக்கு என்ன இப்ப என்றும் கேட்கவில்லை. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அது துடைக்கத் துடைக்க மங்கியது. யாழினி அதைப் பார்த்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வேகமாக என்னிடம் வந்தாள். கையில் மைக் இருப்பதை மறந்துவிட்டாள். அதனால் அவள் என் காதில் ரகசியமாகச் சொன்னதை ஹால் முழுவதும் கேட்டது.

"அப்பா, ப்ளீஸ், அழாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க. சார்ஜர் இருக்கா?"